மான் முடியில் ஃப்ளை கட்டுதல்: முடியைத் தேர்வது முதல் தலையைச் செதுக்குவது வரை

தூண்டில் முள்ளில் இறகு, முடி, நூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியைப் போலவோ சிறுமீனைப் போலவோ செய்யப்படும் போலி இரையே ஃப்ளை. அதைக் கட்டப் பழகும் பலர் இறகையும் ஜரிகையையும் சில வாரங்களிலேயே கைவசப்படுத்திக்கொள்கிறார்கள். மான் முடியைக் கையில் எடுத்ததும் தடுமாறுகிறார்கள். இறகு, நூல் இழுத்த இடத்தில் படிந்து நிற்கும். மான் முடியோ நூல் இறுகியவுடன் விரியும், சுழலும், விரல்களிலிருந்து நழுவும், கட்டுபவர் எண்ணாத பக்கம் போய் நிற்கும். இந்த இயல்பின் காரணத்தை அறிந்து அதற்கேற்ப நூலைக் கையாளத் தொடங்கியபின், தொல்லையாக இருந்த அதே இயல்பு இந்தப் பொருளின் பெருஞ்சிறப்பாகத் தெரியத் தொடங்குகிறது. அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டு டிரவுட் பொரிப்பகம் தொடங்கப்பட்ட காலம் முதல் நீலகிரியின் குளிர்ந்த நீரில் வாழ்ந்துவரும் ரெயின்போ டிரவுட் மீனுக்காகத் தூண்டில் வீசும் எவரும், கடையில் கிடைக்கும் ஃப்ளைகளை மட்டும் நம்பியிராமல், மான் முடியில் ஒரு தலையையாவது தம் கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முடி ஏன் விரிகிறது

மான் முடி குழாயைப் போல உள்ளே வெற்றாக இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. முடியின் உட்பகுதி மெல்லிய சுவர்களால் பிரிக்கப்பட்ட, காற்று நிறைந்த எண்ணற்ற நுண்ணறைகளால் ஆனது. நெட்டித் தண்டை அறுத்துப் பார்த்தவர்கள் அந்த அமைப்பை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். குளிர்நாட்டு மான்களுக்குக் குளிரைத் தடுக்கும் போர்வையாக அமைந்த இந்தக் காற்றறைகள்தாம் ஃப்ளை கட்டுபவருக்கு இரண்டு பயன்களைத் தருகின்றன. முதலாவது மிதப்பு. இரண்டாவது விரிவு: முடிக்கற்றையின் நடுவில் நூலைச் சுற்றி இறுக்கும்போது, நூலுக்கு அடியிலுள்ள அறைகள் நசுங்கிவிடுகின்றன, இருபுறமும் நசுங்காமல் பருத்து நிற்கும் பகுதிகள் வைக்கோல் கட்டின் இடுப்பில் கயிற்றை இறுக்கினால் இரு முனைகளும் மலர்வதைப் போல வெளிநோக்கி மலர்கின்றன.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. காற்றறைகள் முடியின் அடிப்பகுதியில் மிகுதியாகவும் நுனியை நோக்கிச் செல்லச் செல்லக் குறைவாகவும் இருக்கின்றன. ஆகவே ஒரே முடியில், தோலுக்கு அருகில் கட்டினால் செங்குத்தாக விரியும். நுனிக்கு அருகில் கட்டினால் ஏறக்குறைய படிந்தே இருக்கும். தலை செய்ய வேண்டுமா, இறக்கை செய்ய வேண்டுமா என்பதைப் பொறுத்து, முடியின் எந்தப் பகுதியின்மேல் நூல் விழ வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். கீழே சொல்லப்போகும் முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: முள்ளின்மேல் எவ்வளவு காற்றை நிறுத்த வேண்டும் என்பதை மீன்பிடிக்கப்போகும் நீரைப் பார்த்து முடிவு செய்வது, பிறகு அந்த அளவைக் கையால் கொண்டுவருவது.

எந்த மானின் முடி

இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டியது என் கடமை. நம் மலையில் கடமானும் புள்ளிமானும் உண்டு. தேயிலைத் தோட்டங்களின் ஓரத்தில் வேலிக்கம்பியில் சிக்கிய முடிக்கற்றைகளைப் பார்த்தவர்களும் உண்டு. அந்த முடியை எடுத்துவந்து ஃப்ளை கட்டக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்கின் கொம்பு, பல், நகம் ஆகியவற்றோடு முடியையும் இறகையும் சேர்த்தே வரையறுக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கின் முடி உதிர்ந்து கிடந்தாலும் அதை எடுத்து வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. பழைய வீடுகளின் சுவரில் தொங்கும் பாடம்செய்த தலைகளிலிருந்து முடியைக் கத்தரிப்பதும் அவ்வாறே தவறு. இந்த விலக்கை நான் சுமையாக நினைக்கவில்லை. சோலைக்காட்டின் ஓரத்தில் கடமான் நடமாடும் நீரோடையில் மீன் பிடிக்கும் நாம், அந்த விலங்கின் ஒரு முடியைக்கூட வேண்டாமல் இருப்பதே பொருத்தம்.

ஃப்ளை கட்டும் கலையில் மான் முடி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் வட அமெரிக்காவின் வெண்வால் மான், கோவேறு மான், எல்க் எனும் பெருமான் ஆகியவற்றின் முடியே. அங்கே சட்டப்படி வேட்டையாடப்படும் விலங்குகளின் தோல் பதப்படுத்தப்பட்டுச் சிறு துண்டுகளாக விற்பனைக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது எந்த விலங்கின் முடி என்று எழுதப்பட்ட உறையும் ரசீதும் இருக்க வேண்டும். இறக்குமதி விதிகளை முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்த உறையைத் தூக்கி எறியாமல் முடியோடு சேர்த்தே வைத்திருப்பது என் வழக்கம். வெளிநாட்டு முடி கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை; அவர்களுக்கான மாற்று வழியைப் பின்னர் சொல்கிறேன்.

தோலில் எந்த இடம் என்பது எந்த மான் என்பதைப் போலவே முக்கியமானது. முதுகின் பின்பகுதியிலும் இடுப்பிலும் உள்ள முடி பருத்ததாகவும் காற்று மிகுந்ததாகவும் இருப்பதால், சுழற்றிக் கட்டி அடர்த்தியான தலை செய்வதற்கு ஏற்றது. வயிற்று வெள்ளை முடியும் நன்றாக விரியும். அதற்குச் சாயம் ஏற்றுவது எளிது. முகத்திலும் கால்களிலும் உள்ள குட்டையான நுண்முடி, சிறிய முள்களில் நுனி சமமாக நிற்கும் இறக்கைகளுக்கு உரியது. வால் முடி நீளமானது, அடிப்பகுதியைத் தவிர மற்ற இடங்களில் விரியாது. சிறுமீனைப் போல நீந்தும் நீண்ட ஃப்ளைகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம், தலை செய்ய முயன்று நேரத்தை வீணாக்கக் கூடாது. குளிர்காலத்தில் எடுக்கப்பட்ட தோல், கோடைக்காலத் தோலைவிடத் தடித்த முடியைக் கொண்டிருக்கும். வாங்கும் துண்டை உறையிலிருந்து எடுத்துப் பார்க்க முடிந்தால், ஒரு சிறு கற்றையின் நடுவில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் எளிதில் மடங்கிப் பள்ளம் விழுந்தால் அது விரியும் முடி. வில்லைப் போல நிமிர்ந்துவிட்டால் அது இறக்கைக்கு உரிய முடி.

கருவிகளும் நூலும்

முள்ளைப் பற்றிக்கொள்ளும் வைஸ் உறுதியாக இருக்க வேண்டும். மான் முடிக்குத் தேவையான இழுப்பில் முள் சற்றேனும் நகர்ந்தால் கட்டு தளரும். நூலைத் தாங்கும் பாபினின் குழாய் வாயில் பிசிறு இருக்கக் கூடாது. பீங்கான் வாய் கொண்ட பாபின் இருந்தால் நல்லது. கத்தரிக்கோல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று முடியை வெட்ட, மற்றொன்று நூலை வெட்ட. இருபுறமும் கூரான சவர பிளேடு, மெல்லிய பல் கொண்ட சீப்பு, முடியின் நுனிகளைச் சமமாக்கும் ஸ்டாக்கர் என்ற சிறு குழாய் ஆகியவையும் தேவை. முடியைப் பின்னுக்குத் தள்ளுவதற்குத் தனிக்கருவி விற்கிறார்கள். பழைய பந்துமுனைப் பேனாவின் முனைக்கூம்பே அந்த வேலையைச் செய்கிறது, நான் பல ஆண்டுகளாக அதையே பயன்படுத்துகிறேன்.

நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறிய முள்களில் மெல்லிய இறக்கை கட்டுவதற்கு 70 டெனியர் (நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) நூல் போதும். சிறு தலைகளுக்கு 140 டெனியர், எட்டாம் எண் முள்ளிலும் அதற்குப் பெரிய, அதாவது எண் குறைந்த, முள்களிலும் கட்டும் தலைகளுக்கு 210 டெனியர் தட்டை நைலான் நூல் என்பது நல்ல தொடக்கம். ஜெல்ஸ்பன் எனப்படும் நூல் இவற்றையெல்லாம்விட வலிமையானது; கையால் இழுத்து அறுப்பதே கடினம். ஆனால் அது வழுக்கும் இயல்புடையது. மெழுகு தடவாவிட்டால் முடியின்மேல் பிடிப்பு கிடைக்காது. மேலும் அது மெல்லியதாக முறுக்கேறிய நிலையில் இறுக்கினால் பழைய, உலர்ந்த முடியைக் கத்தியைப் போல அறுத்துவிடும். பாபினை அவ்வப்போது முறுக்குக்கு எதிர்த்திசையில் சுழற்றி நூலைத் தட்டையாக்கிக்கொண்டால் இந்தக் கேடு நேராது. தொடங்குபவர்களுக்கு நான் நைலானையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அது அறுந்துபோகும் எல்லையை விரல்கள் கற்றுக்கொள்வது அவசியம். சாதாரணப் பருத்தித் தையல் நூலில் இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டாம்.

முடியைச் சுத்தம் செய்தல்

தோல்துண்டிலிருந்து பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையை நுனியில் பிடித்து, தோலை ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கற்றையின் அடியில் பஞ்சு போன்ற மெல்லிய குறுமயிர் படிந்திருக்கும். நுனிகளை இறுகப் பற்றியபடி சீப்பால் அடியை நோக்கி வாரினால் அந்தப் பஞ்சு சீப்போடு வந்துவிடும். ஒருமுறை வாரினால் போதாது. கற்றையைப் புரட்டிப் பிடித்து, பஞ்சு வருவது முற்றிலும் நிற்கும்வரை வார வேண்டும். குட்டையான, உடைந்த முடிகளையும் இப்போதே நீக்கிவிடுங்கள்.

இந்தப் படியை அவசரத்தில் கடப்பவர்கள் மிகுதி. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். பஞ்சு இருந்தால் பிடிப்பு கூடும் என்று எண்ணினேன். நான் முதன்முதலில் கட்டிய தலைகள் மேசையின்மேல் அழகாகத் தெரிந்தன. எமரால்டு அணையின் கரையில் அரைமணி நேரம் வீசியபின், அடியிலிருந்த பஞ்சு நீரை உறிஞ்சிக் கனத்தது. தலை முள்ளின் தண்டைச் சுற்றித் தளர்ந்து திரும்பியது. பஞ்சு இருக்கும் இடத்தில் முடியும் முடியும் நெருங்க முடியாது. நூல் இறுகும்போது காற்றறைகளை நசுக்குவதற்குப் பதிலாக அந்தப் பஞ்சையே நசுக்குகிறது. அதனால் விரிவும் குறைகிறது, சுழற்சியும் தடைபடுகிறது. மான் முடி சரியாக விரியவில்லை என்று யாராவது என்னிடம் காட்டினால், நான் முதலில் பார்ப்பது அடிப்பஞ்சைத்தான்.

நுனிகள் வெளியே தெரியப்போகும் இடங்களுக்கு, அதாவது இறக்கைக்கும், தலைக்குப் பின்னால் உடலைத் தழுவி நிற்கும் கழுத்துப்பட்டைக்கும், சுத்தம் செய்த கற்றையை நுனி கீழாக ஸ்டாக்கருக்குள் இட்டு, மேசையின்மேல் பத்துமுறை தட்ட வேண்டும். பிறகு குழாயைப் படுக்கைவாட்டில் பிடித்துத் திறந்தால் நுனிகள் ஒரே கோட்டில் வரும். குழாய்க்குள் அளவுக்கு மீறி முடியைத் திணித்தால் அவை நழுவி இறங்க இடமிராது. குளிர்காலத்தில் உதகையின் வறண்ட காலைகளில் முடி மின்னேற்றம் பெற்றுக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்வதுண்டு. சீப்பைச் சற்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு வாரினால் அது தணியும்.

வெறுந்தண்டில் சுழற்றிப் பழகுதல்

முழு ஃப்ளையைக் கட்டுவதற்கு முன், பெரிய முள் ஒன்றை வைஸில் பூட்டி, சுழற்றுவதை மட்டும் பத்துமுறையாவது பழகுங்கள். தண்டின் பின்பகுதியில் நூலைத் தொடங்கி, அதற்கு முன்னுள்ள தண்டை வெறுமையாகவே விடுங்கள். நூல் சுற்றிய தண்டில் முடிக்குப் பிடிப்பு அதிகம், ஆகவே சுழலாது. வெறுந்தண்டில் வழுக்கிச் சுழலும்.

சுத்தம் செய்த கற்றையின் நுனியை வெட்டிவிட்டு, ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டைத் தண்டின்மேல் சாய்வாக வைத்துப் பிடியுங்கள். அதன் நடுவில் இரண்டு சுற்றுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, இழுப்பே இல்லாமல் சுற்றுங்கள். நூல் முடியைத் தழுவி நிற்க வேண்டும், நசுக்கக் கூடாது. இனி பாபினை உங்களை நோக்கி மெதுவாகக் கீழே இழுங்கள். முடி மலரத் தொடங்கும். அது மலரும் அதே நேரத்தில் பிடித்திருக்கும் விரல்களைத் தளர்த்துங்கள். நூல் இழுக்கும் திசையில் முடி தண்டைச் சுற்றி நகரும். அந்த நகர்வு நிற்பதற்குள் மூன்றாவது சுற்றை முடிகளின் ஊடாக, அதே இடத்தில், கூடிய இழுப்புடன் கொண்டுசெல்லுங்கள். நான்காவது சுற்று முழு இழுப்புடன் வர வேண்டும். முடி அசையாமல் நின்றதும், நூலை இடமும் வலமும் சிறிது ஆட்டியபடி விரிந்த முடிகளின் ஊடே முன்னுக்குக் கொண்டுவந்து, கற்றைக்கு முன்பாக வெறுந்தண்டின்மேல் இரண்டு இறுக்கமான சுற்றுகள் இடுங்கள். நூலை ஆட்டாமல் நேராகக் கொண்டுவந்தால் மலர்ந்த முடிகளை அது மடக்கிப் படுக்கவைத்துவிடும்.

இதில் கை கற்க வேண்டியது இழுப்பு கூடும் வேகம். முதலிலேயே இறுக்கினால் முடி தண்டின் மேற்பக்கத்திலேயே குவிந்து நின்றுவிடும். கடைசிவரை தளர்வாகவே விட்டால் சுழலும், ஆனால் நிலைக்காது. குன்னூரில் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த முதியவர், நூலைப் பார்க்காமல் முடியின் நுனிகளைப் பார்க்கச் சொல்வார்; நுனிகள் எழும் வேகத்துக்கு ஏற்ப இழுப்பைக் கூட்டுவதே சரியான அளவு. அந்த அறிவுரையைவிடச் சிறந்த ஒன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை.

முடி சுழலாமல் மேற்பக்கத்திலேயே இருக்க வேண்டிய வேலையும் உண்டு. மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமுமாகத் தலை அமைய வேண்டுமானால், விரல்களைத் தளர்த்தாமல் கற்றையை இறுகப் பிடித்துக்கொண்டே நூலை இறுக்க வேண்டும். பிறகு முள்ளைத் திருப்பி, வேறு நிறக் கற்றையை அடிப்பக்கத்தில் அவ்வாறே கட்ட வேண்டும். டிரவுட்டுக்கு இது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

எவ்வளவு நெருக்க வேண்டும்

ஒரு கற்றை நிலைத்ததும், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் முள்ளின் கண்ணுக்கு முன்னால் வைத்து, மறுகையால் கற்றையைப் பின்புறம் தாங்கிக்கொண்டு, பேனாக் கூம்பால் பின்னுக்குத் தள்ளுங்கள். பின்புறத் தாங்கல் இல்லாவிட்டால் முழுக் கட்டும் நகர்ந்துவிடும். அடுத்த கற்றையை அதை ஒட்டிக் கட்டி, மீண்டும் தள்ளுங்கள். ஒவ்வொரு கற்றைக்கும் இடையில் தண்டின்மேல் ஒரு துளி வார்னிஷ் இட்டால் தலை பின்னாளில் திரும்பாது.

தலை எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு சிறந்தது என்று பலர் கருதுகிறார்கள். கார்க் போன்ற தலையைக் கட்டுவதே திறமையின் அளவுகோலாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நெருக்கிக் கட்டிய தலை முடிக்குள் உள்ள காற்றோடு முடிகளுக்கு இடையிலுள்ள காற்றையும் பிடித்து வைத்துக்கொள்வதால் மேற்பரப்பிலேயே நிற்கும். புல்வெளிச் சரிவுகளின் நடுவே ஓடும் ஓடைகளில், காற்று வீசும் நாட்களில் வெட்டுக்கிளிகள் நீரில் விழும்போது, அத்தகைய தலை கொண்ட ஃப்ளைதான் வேண்டும். ஆனால் அணைநீரின் ஆழத்தை நோக்கிச் செலுத்த வேண்டிய ஃப்ளைக்கு அதே தலை தடையாகிறது. எவ்வளவு நேரம் இழுத்தாலும் அது மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். அந்த வேலைக்கு இரண்டே கற்றைகளைத் தளர்வாகக் கட்டி, நீர் ஊடுருவ இடம் விட்டுச் செதுக்குவதே சரி. நனைந்தபின் அது இறங்கும். இழுக்கும்போது முரட்டுத் தலை நீரைத் தள்ளுவதால் எழும் அதிர்வு மட்டும் குறையாது. ஆகவே கட்டத் தொடங்கும் முன்பே, இந்த ஃப்ளை எந்த நீருக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மட்லர் மின்னோ: முழு ஃப்ளை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நிபிகன் ஆற்றுக்காக டான் கேப்பன் 1930களில் உருவாக்கிய மட்லர் மின்னோ, மான் முடி வேலை முழுவதையும் ஒரே ஃப்ளையில் கற்றுத்தரும். ஆற்றடிக் கற்களின் இடையே வாழும் பெருந்தலைச் சிறுமீனான ஸ்கல்பின்னைக் கருதி அவர் அதைக் கட்டினார். அந்த மீன் நம் ஓடைகளில் இல்லை. எனினும் மேலே மிதந்தால் வெட்டுக்கிளியாகவும், இறங்கினால் கல்லடியில் பதுங்கும் சிறுமீனாகவும் டிரவுட் இதை ஏற்றுக்கொள்கிறது.

எட்டாம் எண்ணுள்ள நீளத்தண்டு முள்ளை எடுத்து, கண்ணிலிருந்து தண்டின் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். இந்த எல்லையைத் தாண்டி உடலோ இறக்கையோ முன்னுக்கு வரக் கூடாது. வாலுக்கும் இறக்கைக்கும் புள்ளியும் கோடுமான வான்கோழி இறகு மரபு. பண்ணைகளில் வளர்க்கப்படும் வெண்கல நிற வான்கோழியின் இறகே போதுமானது. உடலுக்குத் தட்டையான பொன் ஜரிகையைப் பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் முன்னுக்குச் சுற்றிவந்து கட்டுங்கள். தையல் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஜரிகையை முதலில் நீரில் நனைத்து, கறுக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மூலச் செய்முறையில் இறக்கையின் அடியில் சாம்பல் அணில் வால் முடி வரும். நம் நாட்டு அணிலை அதற்காகத் தொட வேண்டாம். மெல்லிய ஆட்டு முடியைச் சிறிதளவு வைத்தால் நீரில் அதன் அசைவு நன்றாகவே இருக்கிறது. அதன்மேல் வான்கோழி இறகிலிருந்து எடுத்த ஒத்த அளவிலான இரு கீற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டியபடி நிறுத்திக் கட்டுங்கள்.

இப்போது கழுத்துப்பட்டை. நுனி சமமாக்கிய பென்சில் பருமன் கற்றையை, நுனிகள் பின்னோக்கி உடலின் பாதிவரை எட்டும்படி அளந்து, உடல் முடிந்து வெறுந்தண்டு தொடங்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு தளர்ந்த சுற்றுகளுக்குப் பின் இழுப்பைக் கூட்டும்போது, கற்றையை முழுதும் விட்டுவிடாமல், மேற்புறத்தையும் இரு பக்கங்களையும் தழுவும் அளவுக்கு மட்டும் விரல்களைத் தளர்த்துங்கள். அடிப்புறத்தில் முடி குறைவாக இருப்பது நல்லது, ஏனெனில் முள்முனை மீனின் வாயில் பதிவதற்கு அங்கே இடைவெளி தேவை. முன்னோக்கி நிற்கும் அடிமுடி தலையின் முதல் பகுதியாகிவிடும். அதற்கு முன்னால், நுனி வெட்டிய ஒன்றிரண்டு கற்றைகளை முன்பு பழகியபடி சுழற்றிக் கட்டி நெருக்குங்கள். கண்ணுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் தண்டு மிஞ்ச வேண்டும். அந்த இடத்தை விழுங்கிவிட்ட ஃப்ளைகளில் முடிச்சுப் போட இடமின்றி, ஓடைக்கரையில் தூண்டில் நரம்பைக் கோக்கவும் வழியின்றித் தவிக்க நேரும். முடிகளைப் பின்னுக்கு வாரிப் பிடித்துக்கொண்டு, நூல்முனையைச் சுற்றுகளுக்கு அடியில் புதைக்கும் விப் ஃபினிஷ் முடிச்சை இருமுறை போட்டு நூலை வெட்டுங்கள்.

செதுக்குதல்

வைஸிலிருந்து முள்ளைக் கழற்றிக் கையில் பிடித்துச் செதுக்குவதே எனக்கு வசதி. அதற்கு முன், கொதிக்கும் கெண்டியின் ஆவியில் தலையைச் சில நொடிகள் காட்டுங்கள். மடங்கிய முடிகள் நிமிர்ந்து நிற்கும். விரல்களில் ஆவி படாதபடி இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிளேடை நீளவாக்கில், உறையோடு சேர்த்தே பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். முதல் வெட்டு அடிப்பக்கத்தில்: கண்ணிலிருந்து பின்னோக்கி, தண்டுக்கு இணையாக, தட்டையாக. இந்த வெட்டு சரியாக அமைந்தால் மற்றவை அதை அளவாகக் கொண்டு அமைந்துவிடும். அடுத்து பிளேடை இரு விரல்களுக்கிடையில் மெல்ல வளைத்து, கண்ணிலிருந்து கழுத்தை நோக்கி அகன்று செல்லும்படி இரு பக்கங்களையும், இறுதியில் மேற்புறத்தையும் வெட்டுங்கள். ஒரே வெட்டில் வடிவத்தை அடைய முயல வேண்டாம். வெட்டிய முடி மீண்டும் வராது. கழுத்துப்பட்டையின் நுனிகளை மறுகையின் விரல்களால் பின்னுக்கு மூடிப் பிடித்துக்கொண்டால் அவை தப்பும். பிளேடு முடியை அறுக்காமல் இழுப்பதாகத் தோன்றிய மறுகணமே புதியதை எடுங்கள். மழுங்கிய பிளேடால் இரண்டு மடங்கு விசையோடு வெட்டும்போதுதான் நூலும் சேர்ந்து அறுகிறது. ஒரு தலைக்கு ஒரு பிளேடு என்பது வீண்செலவன்று.

தலை கழன்று திரும்பினால் முதல் கற்றையின் முன்சுற்றுகள் இறுகவில்லை என்று பொருள். செதுக்கியபின் இடைவெளி தெரிந்தால் கற்றைகளுக்கிடையே தள்ளியது போதவில்லை. கட்டும்போதே நூல் அடிக்கடி அறுந்தால் இழுப்பைக் குறைப்பதற்கு முன் முள்முனையைப் பாருங்கள். பெரும்பாலும் நூல் அதில் உரசிப் பிசிறியிருக்கும்.

இறக்கை கட்டும்போது

1950களில் ஆல் ட்ராத் அமைத்த எல்க் ஹேர் கேடிஸ் போன்ற சிறிய மிதக்கும் ஃப்ளைகளில் முடி மலரக் கூடாது. உடலின்மேல் கூரையைப் போலச் சாய்ந்து நிற்க வேண்டும். ஆகவே விரிவு குறைந்த எல்க் முடியையோ, மானின் நுண்முடியையோ தேருங்கள். பன்னிரண்டு முதல் பதினாறாம் எண் வரையுள்ள முள்களுக்குத் தீக்குச்சிப் பருமனுக்குச் சற்று மேற்பட்ட கற்றை போதும். இங்கே தண்டின்மேல் நூல் சுற்றி அடித்தளம் அமைத்துவிடுங்கள், சுழற்சி தேவையில்லை. இறக்கையை ஒட்டிய முதல் சுற்று மென்மையாகவும், கண்ணை நோக்கி வரும் அடுத்த சுற்றுகள் ஒவ்வொன்றும் மேலும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். அப்போது விரிவு முழுவதும் முன்புறத்து அடிமுடியில் நிகழும்; பின்னோக்கிய நுனிகள் அடக்கமாக நிற்கும். அடிமுடியைக் கண்ணுக்கு மேல் சிறு குச்சமாக வெட்டி விடுவது அந்த ஃப்ளையின் அடையாளம்.

முடி கிடைக்காதபோது

ஆட்டு முடியும் குதிரை முடியும் இந்த வகையில் காற்றறை மிகுந்தவை அல்ல. எவ்வளவு இறுக்கினாலும் விரியா. ஆகவே அவற்றால் தலை செய்ய முயல வேண்டாம். மிதக்கும் தலைக்கு நேர்மையான மாற்று, செருப்புத் தைப்பவர்களும் கைவினைக் கடைகளும் வைத்திருக்கும் மெல்லிய ஃபோம் தாள். இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கீற்றை வெட்டி, கண்ணருகே கட்டிப் பின்னுக்கு மடக்கிக் கட்டினால் வெட்டுக்கிளித் தலையாகிவிடும். இறங்கும் தலைக்குச் செம்மறியாட்டுக் கம்பளியைச் சிறு கற்றைகளாகக் கட்டி, மான் முடியைச் செதுக்குவதைப் போலவே செதுக்கலாம்; அது நீரை உறிஞ்சி விரைவில் இறங்கும். அணைநீரில் இந்தக் கம்பளித் தலை மான் முடித் தலைக்குக் குறைந்ததன்று என்றே நான் கருதுகிறேன்.

மழைக்காலத்தில் பாதுகாத்தல்

தென்மேற்குப் பருவமழை நம் மலையில் இறங்கிவிட்டால் அலமாரிக்குள் பூஞ்சை படராத பொருளே இல்லை. முடித்துண்டுகளை ஒன்றாகக் குவித்து வைக்காமல், தனித்தனி உறைகளில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் இடுங்கள். நீலகிரித் தைலத் துளியைப் பஞ்சில் நனைத்து வைப்பவர்கள் உண்டு. அதன் மணம் எனக்கும் பிடிக்கும், ஆனால் பூச்சியைத் தடுக்க அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. புதிதாக வாங்கிய தோல்துண்டை மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன், இறுக மூடிய உறையில் இட்டு உறைபெட்டியில் சில நாட்கள் வைத்து, வெளியே எடுத்துச் சில நாட்கள் விட்டு, மீண்டும் ஒருமுறை உறையவைப்பது பூச்சி முட்டைகளை அழிக்க உதவும்.

மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டோடும் வனத்துறை வகுத்த எல்லைகளுக்கு உட்பட்டும் நீரோரம் செல்வதற்கு முன், கட்டிய ஃப்ளைகளை ஒரு வாளி நீரில் இட்டுப் பாருங்கள். அடிவெட்டு ஒருபக்கம் கூடியிருந்தால் தலை சாய்ந்து மிதக்கும். அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சிறிது செதுக்கினால் நேராகிவிடும். இறங்க வேண்டிய ஃப்ளை இறங்காவிட்டால், அதை நீருக்குள் அமிழ்த்தியபடி தலையை விரல்களால் பிழிந்து காற்றை வெளியேற்றுங்கள். அப்போதும் எழும்பினால் அதை வெட்டுக்கிளி வேலைக்கு ஒதுக்கிவிட்டு, அடுத்ததை ஒரு கற்றை குறைத்துக் கட்டுங்கள். வீடு திரும்பியதும் நனைந்த ஃப்ளைகளைப் பெட்டிக்குள் மூடிவிடாமல், ஒரு கார்க் துண்டில் குத்தி, அடுப்பங்கரையின் மிதமான சூட்டில் இரவு முழுவதும் உலரவிட்டு, மறுநாள் காலையில் முடியை விரலால் பின்னிலிருந்து முன்னாக ஒருமுறை நீவி நிமிர்த்தியபின் எடுத்து வையுங்கள்.